பாட்டியின் காது பேட்டரியும் செம்பனை ஓட்டுக் கரியும்

பாட்டியின் காது மெஷினுக்கு ஏறக்குறைய வாரம் ஒரு பேட்டரி ஆகிறது. 13ஆம் நம்பர், ஆரஞ்சு ஒட்டுத்தாள் போட்டது. தாளை உரித்ததும் மெஷினில் போட்டுவிடக் கூடாது, ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். "அது மூச்சு விடணுமாம்யா" என்பார் பாட்டி. அந்த விளக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. தாளுக்குக் கீழே ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கும். உள்ளே துத்தநாகப் பொடி. அதோடு வினைபுரிய வேண்டிய ஆக்சிஜன் வெளியிலிருந்து வருகிறது. பாதிச் சரக்கைக் காற்றிடம் வாங்கிக்கொள்வதால்தான் அவ்வளவு சின்ன வில்லைக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்குகிறது. ஒரு கிராம் துத்தநாகம் கணக்குப்படி 820 மில்லிஆம்பியர்-மணி தரும்.

தீர்ந்துபோன ஒன்றைக் குறடால் பிரித்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் களி, ஈரத் தாள் ஒன்று, அதற்கப்பால் நகம் அளவில் கறுப்பு வட்டு. மெல்லிய கம்பி வலைமேல் கரியும் மாங்கனீசு ஆக்சைடும் டெஃப்ளானும் சேர்த்து அழுத்தியது. எல்லா வித்தையும் அந்த வட்டில் இருக்கிறது. இதை நம் ஊர்ச் சாமானில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியதில் நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். எனக்குச் செம்பனை (பாமாயில்) ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று நாள் முழுக்க அளப்பது. ஆலைக்குப் பின்னால் கொட்டை ஓடு குன்று போலக் கிடக்கும். நாரோடு சேர்த்து பாய்லருக்குப் போவது. ஒரு பை கேட்டேன். "எதுக்கு, சாத்தே சுடவா?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

வட்டில் நடக்க வேண்டிய வினையை எழுத ஒரு வரி போதும்: ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறும் நான்கு எலக்ட்ரானும் சேர்ந்து நான்கு ஹைட்ராக்சைடு அயனியாக வேண்டும். நடத்துவதில்தான் பாடு. ஆக்சிஜனின் இரண்டு அணுக்களும் இலேசில் பிரியாது. வெறும் கரியிடம் விட்டால் இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பாதி வழியில் பெராக்சைடாக நின்றுவிடும். துத்தநாகமும் காற்றும் சேர்ந்தால் ஏட்டுக்கணக்கில் 1.65 வோல்ட். கையில் கிடைப்பது 1.4, மின்னோட்டம் இழுத்தால் 1.2. தொலைகிற அந்த வோல்ட்டில் பெரும்பங்கு காற்று மின்வாயில், அதாவது அந்தக் கறுப்பு வட்டில்தான் தொலைகிறது. மிகை மின்னழுத்தம் என்று படித்தது இதைத்தான். வினையூக்கியின் வேலை அதைக் குறைப்பது.

எந்தப் பொருள் நல்ல வினையூக்கி? 1912இல் நோபல் பரிசு பெற்ற பால் சபாட்டியே சொன்ன வழி இன்றும் நிற்கிறது. இறுகப் பிடிக்கிற பரப்பு பிடித்ததை விடாது, தளரப் பிடிக்கிற பரப்பு எதையும் உடைக்காது, நடுவில் ஓர் இடம் வேண்டும். பிளாட்டினம் அந்த நடுவுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. அதன் விலையைப் பற்றிப் பேச வேண்டாம். 1964இல் ரேமண்ட் ஜாசின்ஸ்கி கோபால்ட் தாலோசயனின் என்ற பொருளும் காரக் கரைசலில் ஆக்சிஜனை ஒடுக்கும், அதாவது அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து இந்த வினையை நடத்தும் என்று காட்டினார். சாயம், பெயின்ட் வகையைச் சேர்ந்த மூலக்கூறு அது. நடுவில் ஓர் உலோக அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். நம் இரத்தத்தின் ஹீமிலும் இதே அமைப்பு, நடுவில் இரும்பு. அப்புறம் 1970களில், இவற்றைக் கரியோடு சேர்த்துச் சுட்டால் இன்னும் உறுதியாக உழைக்கின்றன என்று கண்டார்கள். பிறகு அந்த விலையுயர்ந்த மூலக்கூறே வேண்டாம், கரி, நைட்ரஜன் தரும் ஏதாவது ஒன்று, துளி இரும்பு மூன்றையும் சேர்த்துச் சுட்டால் அமைப்பு தானாக உருவாகும் என்ற அளவுக்கு வந்தது.

தோட்டப்புறத்தில் இருப்பவனுக்கு இதைவிட வசதியான சமையல் குறிப்பு வேறு கிடைக்காது. கரிக்குக் கொட்டை ஓடு. நைட்ரஜனுக்கு உரக்கடை யூரியா. இரும்புக்கு, மின்சுற்றுப் பலகை அரிக்க வாங்கிய ஃபெரிக் குளோரைடு வீட்டில் மிச்சம் இருந்தது.

ஓட்டை முதலில் மூடிய எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கரியாக்கினேன். மண் அடுப்பு, மரக்கரி, ஊதுவதற்குப் பழைய முடி உலர்த்தி. கே வகை வெப்ப உணரியை மூடியோரம் செருகியதில் 600 டிகிரி வரை காட்டியது. ஆறியதும் இடித்துச் சலித்தேன். 5 கிராம் கரிக்கு 15 கிராம் யூரியா, கால் கிராம் ஃபெரிக் குளோரைடு. இரும்பு கரியில் ஏறக்குறைய 1 சதவீதம் வரும். அதற்கு மேல் போட்டால் தனித்தனி அணுவாக நைட்ரஜனுக்கு நடுவே உட்காராமல் துகள்களாகத் திரண்டுவிடும். தண்ணீரில் கரைத்துக் கரியில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி தூக்கில் 800 டிகிரி, ஒரு மணி நேரம்.

சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்: முதல் தடவை மூடி பறந்தது. யூரியா 133 டிகிரியில் உருகி, பிறகு அமோனியாவாகவும் வேறு வாயுக்களாகவும் பிரியும். அதில் கொஞ்சம் மூடிக்குக் கீழே குளிர்ந்து வெள்ளையாகப் படிந்து, நான் போட்டிருந்த ஒற்றைத் துளையை அடைத்துவிட்டது. தூக்கின் மூடி மாமரத்தடியில் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை மூன்று பெரிய துளைகள் போட்டு, மூடியை இறுக்காமல் மேலே ஒரு கல் வைத்தேன். இந்தப் புகையில் நஞ்சும் இருக்கும், ஹைட்ரஜன் சயனைடு உட்பட. வெட்டவெளியில், காற்று வரும் பக்கம் நின்று செய்வது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கூரையுள்ள இடமே வேண்டாம்.

சுட்ட கரியில் ஒட்டாமல் நிற்கும் இரும்பைக் கழுவி எடுக்க வேண்டும். கார் பேட்டரி அமிலத்தில் ஒரு பங்கை எட்டுப் பங்கு தண்ணீரில் விட்டு, அதில் ஓர் இரவு ஊறவைத்தேன். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. பிறகு காப்பி வடிதாளில் வடித்து இரண்டு மூன்று தடவை கழுவினேன். அந்த "இரண்டு மூன்று தடவை"தான் என்னை அடுத்த குழியில் தள்ளியது.

பொடியை வலையில் ஒட்ட ஒரு பசை வேண்டும். ஆய்வுக்கூடங்களில் டெஃப்ளான் குழம்பு வைத்திருப்பார்கள். என்னிடம் இருந்தது ரப்பர்ப் பால். 1877இல் ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்ட கோலக்கங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதில் ஒரு மரம் இன்னமும் நிற்கிறது. எங்களைச் சுற்றி மட்டும் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சிறுதோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் அமோனியா விட்ட பால் ஒரு போத்தல் வாங்கினேன். ரப்பர் காரத்துக்கு அசையாது, தண்ணீரை ஒட்டாது, பொருத்தமாகத்தான் பட்டது. கரிப்பொடியில் பாலை ஊற்றிக் கலக்கினேன். பத்து விநாடியில் கிண்ணத்தில் கறுப்பு ரப்பர் உருண்டை ஒன்று கிடந்தது. அதைச் சுற்றித் தெளிந்த தண்ணீர்.

பால் பழசோ என்று புதுப்பால் வாங்கினேன். அதுவும் உருண்டை. மூன்றாவது தடவை பாட்டி பின்னால் வந்து நின்றார். முப்பது வருடம் மரம் சீவியவர்.

"என்னாய்யா, கட்டிப்பாலு செய்யிறியா?"

"இல்ல பாட்டி, கட்டக் கூடாது. ஆனா கட்டிப்போவுது."

கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தார். "ஆசிட்டு ஊத்துன மங்குக் கிண்ணத்தக் கழுவாம பால் விட்டா இப்புடித்தான் ஆவும். நல்லாக் கழுவுனியா?"

கழுவவில்லை. அமிலத்தால் பாலைக் கட்டவைத்து ரப்பர் ஷீட் போட்ட ஊரில் பிறந்து, ஆலையில் தினமும் அமிலம் அளக்கிறவன், கரியின் நுண்துளைக்குள் அமிலம் தங்கும் என்பதை யோசிக்கவில்லை. லிட்மஸ் தாளை வைத்தால் சிவந்தது. ஒன்பது தடவை கழுவி, கடைசியில் ஒரு சொட்டு அமோனியாவும் விட்ட பிறகு பால் அமைதியாகக் கலந்தது. அளவுக்கும் சில வட்டுகள் வீணாயின. காய்ந்த ரப்பர் எடையில் 30 சதவீதம் போனால் வட்டு சைக்கிள் டியூப் போல வந்தது, மின்சாரம் போகவில்லை. 5 சதவீதத்தில் உதிர்ந்தது. 12 சரியாக இருந்தது. பழைய டார்ச் பேட்டரியின் கரிக்குச்சியை அரைத்துக் கொஞ்சம் சேர்த்தேன், மின்கடத்த. அடியில் டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலை, இரண்டு சென்டிமீட்டர் சதுரம்.

அளக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். மின்கலத்தின் மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்தால் குற்றம் துத்தநாகத்துடையதா வட்டுடையதா என்று தெரியாது. ஆகவே மூன்றாவதாக ஒரு துத்தநாகக் கீற்றை வட்டுக்கு மிக அருகில் முக்கி, அதில் மின்னோட்டமே போகாமல் வைத்து, அதற்கும் வட்டுக்கும் இடையே மல்டிமீட்டரைப் போட்டேன். சும்மா இருக்கும் துத்தநாகத்தின் வோல்ட் நகராது. அதற்கு எதிரே தெரியும் ஏற்ற இறக்கமெல்லாம் வட்டின் கணக்கு. மின்னோட்டத்தை நிலையாக வைக்க எல்எம்317 என்ற சில்லு ஒன்று, 62 ஓம் மின்தடை இரண்டைப் பக்கவாட்டில் இணைத்து, 5 வோல்ட் சார்ஜரோடு தொடராக. 1.25ஐ 31ஆல் வகுத்தால் 40 மில்லிஆம்பியர். வட்டு நான்கு சதுர சென்டிமீட்டர் என்பதால் சதுர சென்டிமீட்டருக்குப் 10. மின்பகுளி 100 மில்லிக்கு 37 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சோப்புச் செய்கிறவர்கள் வாங்கும் செதில். தோலை வழுவழுவென்று கரைத்துவிடும், கண்ணில் பட்டால் கண் போகும். கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஓடும் தண்ணீர்க்குழாய்.

முதல் வட்டு 1.29 வோல்ட் காட்டியது. கையைத் தட்டிக்கொண்டு கோப்பி கலக்கப் போனேன். வந்து பார்த்தால் 1.14. ஒரு மணி நேரத்தில் 0.9. வட்டின் வெளிப்பக்கம் வியர்வை போலத் துளிகள்.

நான்கு மாதத்தில் நான் கற்றதில் பெரும்பங்கு இந்தத் துளிகளிடம்தான். ஆக்சிஜன் வாயு, எலக்ட்ரான் வருவது கரி வழியாக, ஹைட்ராக்சைடு போவது திரவத்துக்குள். மூன்றும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் வினை நடக்கிறது. கரைசல் ஏறித் துளைகளை மூடிவிட்டால் ஆக்சிஜன் தண்ணீருக்குள் கரைந்து நீந்தி வர வேண்டும், காரக் கரைசலில் அது கரைவதோ மிகக் கொஞ்சம். வினையூக்கி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிறகு என்ன செய்வான்? 1932இல் ஹைஸும் ஷூமாக்கரும் காரத் துத்தநாக-காற்று மின்கலம் செய்தபோது இதற்காகவே நுண்துளைக் கரியில் மெழுகு ஏற்றினார்கள். நானும் மெழுகுவத்தியைத் தின்னரில் கரைத்துப் பூசினேன். வெள்ளம் நின்றது, காற்றும் நின்றது. பூச்சு கனமாகிவிட்டது. கடைசியில் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்ளான் நாடாவை நன்றாக இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு வெளிப்பக்கம் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் இளஞ்சூட்டில் அழுத்தினேன். இழுத்த நாடா காற்றை விடும், தண்ணீரை விடாது. 1.23 வோல்ட்டில் வந்து நின்றது, மாலை வரை அசையவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வெறும் கரி வட்டும் செய்திருந்தேன். நாடாவுக்கு முன் அது 0.82. நாடாவுக்குப் பின் 1.03. ஆக, வாசலைச் சரிசெய்ததிலேயே 0.2 வோல்ட், யூரியா, இரும்பு, 800 டிகிரி என்று நான் பட்ட பாடெல்லாம் சேர்த்துக் கொடுத்தது இன்னொரு 0.2. புதுப் பொருள் தேடுகிறவர்கள் பொருளின் பெயரைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சரி, அந்த இரண்டாவது 0.2 யாருடையது? யூரியாவுடையதா, இரும்புடையதா? இரும்பு இல்லாமல் கரியும் யூரியாவும் மட்டும் சுட்டு ஒரு வட்டு, யூரியா இல்லாமல் கரியும் இரும்பும் மட்டும் சுட்டு ஒரு வட்டு. இரும்பு மட்டும் போட்டது 1.05, வெறும் கரிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். யூரியா மட்டும் போட்டது 1.20. அப்படியானால் இரும்பே வேண்டாம், நைட்ரஜன் போதும்! இரண்டு நாள் அந்த மகிழ்ச்சியில் இருந்தேன்.

மூன்றாம் நாள் உரலைக் கழுவும்போதுதான் உறைத்தது. இரும்பு உரல். கொட்டை ஓட்டுக் கரி சாதாரணக் கரி இல்லை, கல் மாதிரி. அதை அரை மணி நேரம் இரும்பில் இடித்திருக்கிறேன். பொடியைத் தாளில் பரப்பி அடியில் காந்தத்தை ஓட்டினால் பூனை முடி போலக் கறுப்பு இழைகள் எழுந்து நின்றன. "இரும்பு இல்லாத" வட்டில் பாட்டியின் உரல் இருந்திருக்கிறது. இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஓர் ஆறுதல். தண்ணீரைப் பிரிக்கும் நிக்கல் மின்வாயில், கரைசலில் மாசாக இருக்கும் துளி இரும்பே நிக்கலின் திறனை வெகுவாக உயர்த்துகிறது என்று 1987இல் டென்னிஸ் காரிகன் காட்டினார். அதுவரை நிக்கலுக்குப் போன பாராட்டில் எவ்வளவு இரும்புக்குச் சேர வேண்டியதோ.

புது ஓட்டைக் கரியாக்கி, இந்தத் தடவை கல் அம்மியில் அரைத்தேன். ஓட்டின் சாம்பலிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும் என்பதால் சுடுவதற்கு முன்பே ஒரு தடவை அமிலத்தில் கழுவினேன். யூரியா மட்டும் போட்டது 1.11க்கு இறங்கியது. மூன்று வட்டு செய்து பார்த்தும் 1.10க்கும் 1.12க்கும் நடுவில்தான். இரண்டும் சேர்ந்தது பழையபடி 1.23. நைட்ரஜன் தனியாகக் கொஞ்சம் செய்கிறது, இரும்பு தனியாக ஒன்றுமே செய்வதில்லை, இரும்பை நைட்ரஜன் சுற்றிப் பிடித்தால்தான் மிச்ச வேலை நடக்கிறது. ஹீமில் உள்ளது போல நான்கு நைட்ரஜன்தானா என்று என் மல்டிமீட்டர் சொல்லாது. ஆனால் எண்கள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

இதோடு முடிந்தது என்று நினைத்து மின்கலத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கரைசல் விளிம்புக்கு ஏறி நின்றது. எடை போட்டால் ஒரே நாளில் 0.6 கிராம் கூடியிருக்கிறது. மின்னோட்டமே இழுக்கவில்லை. காரணம் நம் ஊர்க் காற்று. இந்தக் கரைசல் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் போனால் நீராவியைக் குடிக்கும், கீழே போனால் காயும். இங்கே இரவில் 90ஐத் தொடுகிறது. குளிரூட்டிய அறையில் காயுமே என்று கவலைப்படுகிறவர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டு நான் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டேன். விடை பாட்டியின் பேட்டரியிலேயே இருந்தது. அவ்வளவு சின்னத் துளை எதற்கு என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஆக்சிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு. நீராவி அதைவிட மிகக் குறைவு. வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வாசலைத் திறந்தால் ஈரம் ஊறுவது தானாகக் குறையும். வட்டுக்கு மேல் அக்ரிலிக் மூடி போட்டு, அரை மில்லிமீட்டர் துளை நான்கு போட்டேன். பன்னிரண்டு நாளில் 0.06 கிராம்தான் கூடியது. அதிலும் கொஞ்சம், துத்தநாகம் பிடித்துவைத்த ஆக்சிஜனின் எடை.

அந்தப் பன்னிரண்டு நாளும் அது சும்மா இருக்கவில்லை. குசினிச் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயரை இழுத்து இதை மாட்டியிருந்தேன். துளைகளைச் சுற்றி வெள்ளையாகக் கார்பனேட் பூக்கத் தொடங்கியிருக்கிறது, காற்றிலுள்ள கரியமில வாயுவின் வேலை. அதற்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை. உரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மசாலாவில் கரி வாசம் வருகிறதென்று பாட்டி அதை இரண்டு நாள் புளி போட்டு ஊறவைத்தார்.